போனதும் கண்ட அளவு

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது காகிதப் படிவம் கிடையாது. கருவியே தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். பழைய அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம், மஞ்சள் பூத்த ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "மேடம், இதுல 'போனதும் கண்ட அளவு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு? நாம சரி பண்ணத்தானே போறோம்? சரி பண்ணின பிறகு வர்ற அளவு போதாதா?" என்று ஒருத்தி கேட்டாள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியை முழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக முழுங்கியதுதான். எழுதித் தருகிறேன் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்தவர். பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். கேட்டைத் தாண்டினால் மெட்ராஸ் பேச்சு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். டெலிபோனுக்காகக் கண்ணாடி இழை அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும். அதன் நுனியைத் தேய்த்து மெருகேற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் வெளிச்சம் ஒழுங்காகப் போகாது. தேய், துடை, பார். மறுபடி தேய், துடை, பார். நான்கு வருஷம் இதே வேலை. காபி டம்ளரின் விளிம்பைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அதன் பிறகு அதே எஸ்டேட்டில், தண்ணீரின் தரத்தை அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனிக்கு மாறினேன். இழையில் கை பழகிய பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் மூச்சாக இழுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஏழு மில்லிகிராம் இருந்தால் மீன் சுகமாக இருக்கும். நாலுக்குக் கீழே போனால் திணறும். இரண்டுக்குக் கீழே போனால் செத்துவிடும். அதை அளக்க அப்போது இருந்த கருவியின் முனை கட்டைவிரல் தடிமன். உள்ளே வெள்ளியும் பிளாட்டினமும், வெளியே மெல்லிய சவ்வு. அளக்கும்போது அந்த முனையே கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை பொரிக்கும் சின்னத் தொட்டியில் அதை வைத்துக் கலக்க முடியுமா? அதற்காகத்தான் இழை. கண்ணாடி இழையின் நுனியில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு பூச்சு. சிலிக்கான் பசையில் ஆரஞ்சு நிறச் சாயம் கலந்தது. இழை வழியாக நீல வெளிச்சத்தை அனுப்பினால் அந்தச் சாயம் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த ஒளி மங்கும். ஒளி எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு ஆக்சிஜன் என்று பெட்டி கணக்குப் போட்டு எண்ணாகக் காட்டும். ஒளி குறைந்தால் ஆக்சிஜன் அதிகம். எனக்கே இது தலைகீழாகத் தெரிந்து, பழக ஒரு வாரம் ஆனது.

எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் வரதராஜன் சார். பட்டாபிராமிலிருந்து சைக்கிளில் வருவார். செயினில் மாட்டாமல் இருக்கப் பேண்ட்டில் போட்ட கிளிப்பைக் கழற்ற மறந்து நாள் முழுவதும் அப்படியே நடமாடுவார். அதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தைரியம் வந்ததில்லை. இத்தனைக்கும் அவர் கத்தமாட்டார். வயதில் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் கொண்டுபோகும் அளவைப் பார்த்துச் சரி என்றோ தப்பு என்றோ சொன்னதே இல்லை. "இன்னொரு தடவை" என்பார். மூன்று தடவை ஒரே எண் வந்தால் தலையசைப்பார். மூன்றாவது தடவை செய்யாமலே செய்ததாகச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அளவுக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, "பியூரெட்ல மருந்து எறங்கலையே" என்பார், அவ்வளவுதான்.

கருவி எதுவானாலும் அவருக்குச் சாட்சி புட்டிதான். கண்ணாடி மூடி போட்ட புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இரண்டு மருந்தை விட்டு மூடித் தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் மண் நிறத்தில் வண்டல் இறங்கும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டு, ஸ்டார்ச் விட்டு, பியூரெட்டிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு மருந்து இறங்கியதோ அதுதான் ஆக்சிஜன் கணக்கு. கடைசிச் சொட்டுக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார். நாங்களும் குனிவோம்.

வெளியூர் போய்க் கருவியைச் சரிபார்க்க ஒரு படிவம் வைத்திருந்தார். அதில் முதல் கட்டம்தான் 'போனதும் கண்ட அளவு'. ஆங்கிலத்தில் 'ஆஸ் ஃபவுண்ட்' என்று இருந்ததை நாங்கள் விளையாட்டாகக் 'கண்டபடி' என்று தமிழாக்கிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அது அவர் காதில் விழுந்து, மறுநாளே தன் கையால் தமிழில் எழுதி சைக்ளோஸ்டைல் நகல் எடுத்து வந்துவிட்டார். "கருவிகிட்ட போனதும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அது என்ன காட்டுதோ அதை எழுதுங்க. அப்புறம் அளவைத் திருத்துற நாபைத் தொடுங்க. தொட்டுட்டா, அது இத்தனை நாளா என்ன பேசிக்கிட்டிருந்ததுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்பார்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் ஒழுங்காக நிரப்பியதில்லை. போனதும் கை நாபுக்குத்தான் போகும். எல்லாம் முடித்துத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொருத்தமாக இன்னொரு எண்ணைப் போட்டுவிடுவோம். காலிக் கட்டத்தோடு போனால் சார் வாங்கமாட்டார். எண்ணோடு போனால் வாங்கிக்கொள்வார். நாங்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் முதல் இழைக் கருவியை வெள்ளானூர்ப் பக்கம் தனபால் என்பவரின் மீன்குஞ்சுப் பண்ணையில் சோதனைக்கு வைத்தோம். வரிசையாக சிமெண்டுத் தொட்டிகள். கெண்டைக் குஞ்சுகளை விரல் நீளம் வளர்த்து ஏரிக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுப்பார். தொட்டிக்குக் காற்று ஊத ஒரு மோட்டார் இருந்தது. பழையது, தொடர்ந்து ஓட்டினால் சூடாகி நின்றுவிடும். ஆகவே மீட்டர் நாலுக்குக் கீழே இறங்கினால் மட்டும் மோட்டாரைப் போடுவது என்று ஏற்பாடு. அந்த மீட்டரைப் பார்த்து எழுதும் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு.

ஏகாம்பரத்துக்கு நாற்பது தாண்டியிருக்கும். அந்த ஊரிலேயே கழனி வேலை பார்த்தவர். கழனி வீட்டு மனையானதும் பண்ணைக் காவலுக்கு வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மனைவி கன்னியம்மா அஞ்சாவது படித்தவள். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எண்களையும் புள்ளியையும் எழுதிக் காட்டிப் பத்தே நாளில் அவரைத் தயார் செய்துவிட்டாள். புள்ளியை மட்டும் பேனாவால் குத்தி ஓட்டை போட்டுவிடுவார். மற்றபடி அவர் நோட்டு, என் நோட்டைவிடச் சுத்தம்.

முதல் நாள் அவர் என்னிடம், "மீனு மேல வந்து வாயப் பொளந்துச்சின்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்மா. அத்தப் பாத்து மோட்டார் போட்டுக்கினு இருந்தேன். இனிமே இந்தப் பொட்டியப் பாக்கணுமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. மீன் மேலே வர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடும். மீட்டர் முன்னாடியே சொல்லிடும். கண்ணை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இன்னொன்றும் சொன்னேன். வரதராஜன் சார் எழுதிக் கொடுத்த குறிப்பில், "முனையை நல்ல தண்ணீரில் அலசவும். வேறு எதுவும் படக்கூடாது" என்று இருந்தது. எனக்கு அது வேதியியல்காரர் பேச்சாகப் பட்டது. இழையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? தொட்டித் தண்ணீரில் இரண்டே நாளில் முனையில் பாசி வழுவழுவென்று பிடித்தது. என் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் புட்டியையும் ஒரு கட்டுப் பஞ்சையும் ஏகாம்பரத்திடம் கொடுத்து, "தினம் காலையில ஒரு தடவை மெதுவா துடைச்சிடுங்கண்ணே. பஞ்சைத் தொட்டியில போட்டுடாதீங்க" என்று செய்து காட்டினேன். டெலிபோன் இழைக்கு அது சரி. நுனியில் சாயம் பூசிய இழைக்கு, அது சாயத்தையே கரைத்து எடுக்கும் வேலை. துடைக்கத் துடைக்கச் சாயம் குறையும், ஒளி குறையும், பெட்டி அதை ஆக்சிஜன் என்று எண்ணிக்கொள்ளும். இது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

வாரம் தவறாமல் திங்கட்கிழமை நான் போய் நாபைத் திருப்பிச் சரி செய்ததால் தெரியாமலே ஓடியது. என் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். இரண்டு திங்கட்கிழமை விட்டுப்போனது. திரும்பி வந்த மறுநாள் ஞாயிறு. காலையில் தனபாலின் ஆள் ஸ்கூட்டரில் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான்.

நான் போனபோது பெரிய தொட்டியின் மேல்பரப்பு வெள்ளியாக மின்னியது. அத்தனையும் வயிறு மேலே காட்டி மிதக்கும் குஞ்சுகள். மோட்டார் ஒரு மணி நேரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தனபால் கைலியை மடித்துக் கட்டியபடி கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாடா ஏகாம்பரம், மீனு வாயப் பொளந்துகினு மேல வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சி நைனா. நான் பாத்தேன்."

"பாத்துகினு இன்னா பண்ண?"

"மீட்டரப் பாத்தேன். அஞ்சு புள்ளி எட்டுன்னு காட்டிச்சி. மறுக்காவும் பாத்தேன். அஞ்சு புள்ளி ஏழு. அத்தான் மோட்டார் போடல. நோட்ல எழுதிக் கீறேன் பாரு."

"தூங்கிட்டு, எய்ந்திரிச்சி வாய்க்கு வந்தத எழுதிக் கீறே நீ!" தனபால் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீயே பாத்துச் சொல்லு. மிஷினு பொய்யா, இவன் பொய்யா?"

நான் பையைத் திறந்தேன். கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. முனையை எடுத்து முதலில் ஆக்சிஜன் நீக்கிய மருந்துத் தண்ணீரில் விட்டுப் பூஜ்யத்தைச் சரி செய்தேன். பிறகு காற்று ஊதிய தண்ணீரில் விட்டு மேல் அளவைச் சரி செய்தேன். நாப் கிட்டத்தட்டக் கடைசி வரை திரும்பியது. வழக்கமாக அப்படித் திரும்பாது. மனசில் ஒரு முள் குத்தியது, ஆனால் நான் நிற்கவில்லை. தொட்டியில் விட்டேன். இரண்டு புள்ளி இரண்டு. புட்டியில் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். வண்டல் வெளிறிப்போய் இறங்கியது. இரண்டு புள்ளி ஒன்று. கருவியும் புட்டியும் அச்சாக ஒத்துப்போயின.

கருவியைத் தொடுவதற்கு முன் அது என்ன காட்டிக்கொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த நிமிஷமே ஏகாம்பரம் சொன்னது உண்மை என்று தெரிந்திருக்கும்.

கருவியையும் அதன் சாமான்கள் இருந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். முதல் கட்டம் காலி. இரண்டு புள்ளி இரண்டு என்றே போட்டால் செயற்கையாகத் தெரியும் என்று, 2.3 என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏகாம்பரம் அசந்திருப்பார், பாவம், என்றுதான் நினைத்தேன்.

அந்த 2.3 என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான் போனபோதே கருவி சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது என்று சொல்கிறது. அப்படியானால் நோட்டில் அஞ்சு புள்ளி எட்டு என்று எழுதியவன் பொய்யன். திங்கட்கிழமை என் படிவத்தின் நகல் தனபாலுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஏகாம்பரத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பொய் நோட்டு எழுதி முதலாளி மீனைச் சாகடித்தவன் என்று வெள்ளானூர் முழுக்கப் பேச்சானது.

புதன்கிழமை நான் பெட்டியைச் சுத்தம் செய்தேன். ஸ்பிரிட் புட்டி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே வரிசையாகத் துடைத்த பஞ்சு உருண்டைகள். தொட்டியில் போடாதே என்று சொன்னேன் அல்லவா, ஏகாம்பரம் எங்கேயும் போடாமல் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். நான் காலையில் ஒரு தடவை என்று சொன்னதை அவர் காலை மாலை இரண்டு வேளையும் செய்திருக்கிறார். ஒரு பஞ்சை எடுத்து நீல விளக்கடியில் பிடித்து, நீலத்தை வடிகட்டும் கண்ணாடி வழியே பார்த்தேன். பஞ்சு சிவப்பாக ஒளிர்ந்தது. இழையில் இருக்க வேண்டிய சாயம் பஞ்சில் இருந்தது.

நாப் ஏன் கடைசி வரை திரும்பியது என்று புரிந்தது. அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் கருவி காட்டிய எண்தான். அந்த விவகாரத்தில் இல்லாத எண்ணை எழுதியது ஒரே ஒரு ஆள்தான், அது நான்.

டின்னை மூடி என் மேஜை அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சீனியர் டெக்னீஷியன் பட்டியலில் என் பெயர் அந்த மாதம்தான் போயிருந்தது. குறிப்பில் எழுதியதை மீறி ஸ்பிரிட் கொடுத்தேன், பார்க்காத எண்ணை எழுதினேன் என்று சொன்னால் வேலையே போகும் என்று பயந்தேன். ஏகாம்பரத்துக்கு என்ன, எங்கேயாவது வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரதராஜன் சார் ஒரு தடவை படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கஸ்தூரி, இந்த 2.3 நீங்க பார்த்ததா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

டின்னை மூடி வைத்துப் பத்தொன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, ஏகாம்பரம் அம்பத்தூருக்கு என்னைத் தேடி வந்துவிட்டார். வாட்ச்மேன் உள்ளே விடாமல் கேட்டில் நிறுத்தி வைத்திருந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து பயந்துகொண்டே போனேன். அவர் கும்பிட்டார்.

"ஒண்ணியும் இல்லமா. ஒரு ஒதவி. அந்த மாதிரி மிஷினு ஒண்ணு எனக்குக் காட்டுவியா? நெம்பர் எல்லாம் மாத்தி மாத்திக் காட்டு. நான் படிக்கிறேன். சரியாப் படிக்கிறனான்னு பாத்துச் சொல்லு."

"எதுக்குண்ணே?"

"என் கண்ணு கெட்டுப்போச்சா, இல்ல புள்ளிய எங்க வெக்கறதுன்னு தடுமாறிட்டனான்னு தெரியணும்மா. ஊட்டுக்காரி எங்கிட்ட பேசறதில்ல. தூங்கிட்டுப் பொய்யி எழுதிக்கினேன்னு நெனைக்குது. அது நெனச்சா நெனைக்கட்டும். இப்ப எனக்கே அப்டித்தான் தோணுது. மெய்யாலுமே தூங்கிட்டேனோ, கனவுல பாத்தத எழுதிட்டேனோன்னு."

அவரை உள்ளே கூட்டிப்போய் என் மேஜையில் உட்காரவைத்தேன். வேறொரு மீட்டரைப் போட்டு நாபைத் திருப்பினேன். "ஏழு புள்ளி ரெண்டு" என்றார். திருப்பினேன். "நாலு புள்ளி சைபர்." திருப்பினேன். "ஒண்ணு புள்ளி ஒம்பது." ஒன்றுகூடத் தப்பவில்லை. அஞ்சு புள்ளி எட்டு வந்தபோது நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "இத்தான்மா. இதே மாதிரிதான் நின்னுச்சி, செவப்பு நெம்பரா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கண்ணு நல்லாத்தான் கீது. பின்ன இன்னாத்துக்கு அப்டிக் காட்டிச்சி?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, நான் வந்து சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு நேரே வரதராஜன் சாரிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிட், பஞ்சு, நாப், 2.3, கேட்டபோது சொன்ன பொய், எல்லாம்.

ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. புது முனை ஒன்றை எடுத்துவரச் சொன்னார். "துடைங்க. அளங்க. புட்டியில பாருங்க." ஒவ்வொரு துடைப்புக்கும் எண் ஏறியது. புட்டிக் கணக்கு மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு முனை. "இன்னொரு தடவை." மூன்று நாள் ஆனது.

வியாழக்கிழமை கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். நான் ரப்பரையோ பிளேடையோ தேடினேன். "அழிக்கக் கூடாது. என்ன எழுதியிருந்ததுன்னு தெரியணும்" என்று சொல்லி, அடிக்கோலை வைத்து 2.3 மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார். 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவரும் போட்டார். "இதைச் சரின்னு ஏத்துக்கிட்டது நான். நீங்க ஆமான்னு சொன்ன அன்னிக்கே இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றார். தனபாலுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

"இது தபால்ல போகும். நீங்க பஸ்ல போங்க" என்றார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வேலை போகவில்லை. சீனியர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், மறுபடி வர மூன்று வருஷம் பிடித்தது. இழைக் கருவிப் பிரிவைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். என்னோடு இருந்த பெண்கள் பழைய கருவிப் பக்கம் போனார்கள், சிலர் என்னோடு வெகுநாள் பேசவில்லை. தனபால் கடிதத்தைப் படித்துவிட்டு ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினார். ஏகாம்பரம் போகவில்லை. அதற்குள் ஆவடி மார்க்கெட்டில் கிடைத்திருந்த மூட்டை தூக்கும் வேலையிலேயே இருந்துவிட்டார். இனி சார் போகச் சொன்ன மறுநாள், வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வெள்ளானூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. மார்க்கெட் வேலை முடிந்து ஏகாம்பரம் வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா உள்ளே ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் வேலை. அவள் அவரைப் பார்க்காமலே அவரைத் தாண்டி வெளியே வந்தாள்.

"யாரும்மா நீ?"

"மீட்டர் கம்பெனியிலேர்ந்து வர்றேன். என் பேரு கஸ்தூரி."

"நீதானா அது? இன்னும் இன்னா கீது எங்க ஊட்ல, எட்த்துக்கினு போறதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வரிசை மாறித்தான் வந்தது. "உங்க வீட்டுக்காரர் தூங்கல. அவர் நோட்டுல எழுதினது அத்தனையும் நிஜம். மீட்டர்தான் தப்பா காட்டிச்சு. தப்பா காட்ட வெச்சது நான். நான் சொன்ன மாதிரிதான் அவர் அதைத் துடைச்சார், அதுல கெட்டுப்போச்சு. நான் வந்து பார்த்ததா எழுதினேனே ஒரு நெம்பர், அது நான் பார்க்காத நெம்பர். பொய் எழுதினது நான்தான், அவரில்ல" என்றேன்.

ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். கன்னியம்மா கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"இத்த நீ எப்பக் கண்டுபுடிச்சே?"

சாரின் கடிதத்தில் முந்தின நாள் தேதி இருந்தது. நேற்றுதான் என்று சொன்னால் முடிந்துவிடும். அந்தச் சொல் வாய் வரை வந்து நின்றது. நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சு இருபத்து மூணு நாள் ஆச்சும்மா."

"இருபத்திமூணு நாளு" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இருபத்திமூணு நாளா இந்த ஆளுக்கு நான் சோத்தத் தட்டுல கொட்டி, மூஞ்சப் பாக்காம தள்ளி வெச்சிக்கினு கீறேன். நாய்க்கு வெக்கிற மாதிரி. நீ தெரிஞ்சிக்கினு ஆபீஸ் போய்க்கினு வந்துக்கினு இருந்தியா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டாள்.

"யோவ், உள்ள வாய்யா. கையக் கழுவிக்கினு வா" என்றாள்.

ஏகாம்பரம் கை கழுவினார். தண்ணீர் பாதி கையிலும் பாதி தரையிலுமாகக் கொட்டியது. அவள் ஷிப்டுக்குப் போகவில்லை. தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "துன்னுய்யா" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். அப்போதுதான் சாப்பிட்டார்.

என்னை உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் வெயிலில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.